தாமே கூடிக்கொள்ளும் மூலக்கூறுகள்

ஓர் அகன்ற தட்டில் நீரை ஊற்றுங்கள். நீர் அசைவற்று நின்றபின் அதன்மேல் பத்துப் பதினைந்து பொரிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவிவிட்டுச் சற்று நேரம் கவனியுங்கள். தனித்தனியே மிதந்த பொரிகள் மெல்ல நகர்ந்து, இரண்டிரண்டாகவும் பின்னர் கூட்டங் கூட்டமாகவும் ஒட்டிக்கொள்வதைக் காண்பீர்கள். சில தட்டின் விளிம்பை நாடிச் செல்லும். மேசையை இலேசாக அசைத்துவிட்டால் இன்னும் விரைவில் ஒன்று சேரும்.

இப்பொரிகளைக் கூட்டி வைத்தவர் யார்? எவருமில்லை. ஒவ்வொரு பொரியைச் சுற்றியும் நீரின் மேற்பரப்பு சற்றே வளைகிறது. அருகருகே உள்ள இரு வளைவுகள் ஒன்று சேரும்போது ஆற்றல் குறைகிறது. எனவே பொரிகள் தாமே நெருங்குகின்றன. இவ்வாறு, வெளியிலிருந்து ஒரு கை எடுத்து அடுக்காமல், பகுதிகள் தாமே கூடி ஓர் அமைப்பை உண்டாக்குவதைத் 'தன்னமைவு' என்கிறோம்.

பொரிக்குப் பதிலாக மூலக்கூறுகளை இப்படிக் கூட வைக்க முடியுமா? முடியும் என்று காட்டுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு வேதியியலறிஞரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் பெயர் ஃபிரேசர் ஸ்டாடர்ட். 2016-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர்.

இயற்பியல் ஆசிரியனாகிய நான் ஏன் ஒரு வேதியியலறிஞரைப் பற்றி எழுதவேண்டும்? அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு மாணவியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். தானாக நடக்கும் எந்த நிகழ்ச்சியிலும் மொத்த என்ட்ரோப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுமேயன்றிக் குறையாது என்று சொல்லி, சீட்டுக்கட்டைக் கலைத்தால் அது தானாக மீண்டும் வரிசைக்கு வராது என்று உதாரணமும் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், எல்லாமே கலைஞ்சுதான் போகும்னா, முட்டைக்குள்ள குஞ்சு எப்படி சார் உருவாகுது?” என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. “அது உயிரியல், நம் பாடத்தில் இல்லை” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் மறுபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று நான் சொன்னது விடையன்று, தப்பித்துக்கொண்ட வழி. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடிப் படித்தபோதுதான் ஸ்டாடர்டின் ஆய்வுகளை நான் சந்தித்தேன். அவ்விடையின் முதற்பாதி அவருடைய ஆய்வின் தொடக்கத்திலும், மறுபாதி அதன் பிற்பகுதியிலும் கிடக்கின்றன.

பண்ணை வீடும் புதிர்ப் படங்களும்

ஸ்டாடர்ட் 1942-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். ஒரே பிள்ளை. வளர்ந்தது அந்நகருக்குத் தெற்கே ஒரு குத்தகைப் பண்ணையில். அங்கே மின்விளக்கு இல்லை. ஓய்வு நேரத்தில் சிறுவனுக்குப் பிடித்த விளையாட்டு, வெட்டிய அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர். ஒரு துண்டின் மேடு மற்றொரு துண்டின் பள்ளத்தில் பொருந்தவேண்டும். வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது, நிறமும் பொருந்தவேண்டும். பிற்காலத்தில் அவர் மூலக்கூறுகளைப் பார்த்த பார்வையும் இதுவே.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா? அகேசியா இன மரங்களின் பிசின். நம் ஊர்க் கருவேல மரத்தில் கசியும் பிசினும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பல சர்க்கரைகள் கிளை கிளையாகக் கோத்த பெரிய மூலக்கூறுகள் அவை. இயற்கை கட்டிய சிக்கலான மூலக்கூறு ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது எதனுடன் இணைந்திருந்தது என்று கண்டறிவது அந்த ஆய்வின் வேலை. பிரித்துப் பார்க்கக் கற்றவர் பின்னர் கட்டிப் பார்க்கப் புறப்பட்டார்.

அடுத்து அவர் கனடாவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்தபோது, 1967-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. எழுதியவர் சார்லஸ் பெடர்சன்.

அழுக்கில் கிடைத்த மகுடம்

பெடர்சனின் கதையே தனிச் சுவையுடையது. 1904-இல் கொரியாவின் பூசான் நகரில், நார்வே நாட்டுத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். அமெரிக்காவில் முதுகலைப் பட்டத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, 1927-இல் டூபான்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். டாக்டர் பட்டம் பெறவேயில்லை.

1962-இல், வனேடியம் என்னும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு சேர்மத்தைத் தயாரிக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். எடுத்துக்கொண்ட பொருளில் சிறிது கலப்பு இருந்தது. அதனால் எதிர்பாராத துணைப்பொருள் ஒன்று உண்டாயிற்று. அளவு நூற்றுக்கு அரைப்பங்கு கூட இல்லை. பட்டுநூல் போன்ற வெண்ணிறப் படிகங்கள். வேறொருவராயின் கழுவி ஊற்றியிருப்பார். பெடர்சன் அவற்றை எடுத்து வைத்துச் சோதித்தார். மெத்தனாலில் சரிவரக் கரையாத அப்படிகங்கள், சோடியம் உப்பைச் சேர்த்ததும் கரைந்தன. இது விந்தையல்லவா?

காரணம் இதுதான். அந்த மூலக்கூறு ஒரு வளையம். வளையத்தில் மொத்தம் 18 அணுக்கள். அவற்றுள் ஆறு ஆக்சிஜன்கள். ஆக்சிஜன் அணுக்கள் சற்றே எதிர்மின் தன்மை உடையவை. எனவே நேர்மின் சுமையுள்ள உலோக அயனி வளையத்தின் நடுவே வந்து அமர்ந்தால், ஆறு ஆக்சிஜன்களும் அதை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. தலையில் மகுடம் பொருந்துவது போன்ற இக்காட்சியைக் கண்டு, இவற்றுக்கு 'மகுட ஈதர்' என்றே பெடர்சன் பெயரிட்டார். இந்த மகுடத்தில் பொட்டாசியம் அயனி மிகப் பொருத்தமாக அமர்கிறது. வளையத்தைச் சிறிதாக்கினால் சோடியத்துக்கும், இன்னும் சிறிதாக்கினால் லித்தியத்துக்கும் ஏற்றதாகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மகுடத்துக்கும் அயனிக்கும் இடையே நாம் பள்ளியில் படிக்கும் சகப்பிணைப்பு எதுவும் இல்லை. ஒரு மூலக்கூறு தனக்குப் பொருந்தும் துகளை 'அடையாளம் கண்டு' பிடித்துக்கொண்டது, அவ்வளவே. இவ்வாறு முழு மூலக்கூறுகள் தமக்குள் மெல்லிய விசைகளால் கூடி வாழ்வதை ஆராயும் துறைக்கு, ஃபிரான்சின் ழான்-மரி லேன் 1978-இல் ஒரு பெயர் சூட்டினார். தமிழில் 'மீமூலக்கூறு வேதியியல்' எனலாம். பெடர்சன், லேன், டொனால்டு கிராம் மூவரும் 1987-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது பெடர்சனுக்கு வயது 83.

மெல்லிய பிடியின் மேன்மை

மெல்லிய விசைகளை ஏன் இவ்வளவு பாராட்ட வேண்டும்? இங்கே இயற்பியல் நமக்குக் கைகொடுக்கிறது.

இரு கார்பன் அணுக்களைச் சேர்க்கும் சகப்பிணைப்பை அறுக்க, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 கிலோஜூல் அளவே போதும். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் இடையறாத வெப்ப ஆட்டத்தின் அளவோ மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

சகப்பிணைப்பு, சிமெண்டு வைத்துக் கட்டிய செங்கல். தவறான இடத்தில் வைத்துவிட்டால் அங்கேயே இறுகிவிடும். வெப்ப ஆட்டத்தால் அதை அசைக்க முடியாது. ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிகளோ வெப்ப ஆட்டத்தைவிடச் சில மடங்கே பெரியவை. ஆகவே அவை பிடிக்கும், சற்றுப் பொறுத்து விடும், மீண்டும் பிடிக்கும். தவறாகப் பொருந்திய துண்டு விரைவில் கழன்றுவிடும். சரியாகப் பொருந்திய துண்டை ஒரே சமயத்தில் நான்கைந்து பிடிகள் பற்றியிருக்குமாதலால் அது எளிதில் கழலாது. தேங்காய் நார் ஒன்றை இரு விரலால் அறுத்துவிடலாம். பல நார்கள் சேர்ந்த கயிறு கிணற்று வாளியைத் தாங்குமல்லவா?

படியில் அரிசி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டியவுடன் படி நிறைந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டு தட்டுத் தட்டிக் குலுக்கினால் அரிசி இறங்கி, இன்னும் ஒரு பிடிக்கு இடம் வரும். குலுக்கல்தான் அரிசியை நெருக்கமாக அமைய வைத்தது. மூலக்கூறுகளின் உலகில் இந்தக் குலுக்கல் ஒரு கணமும் ஓய்வதில்லை. கலைப்பது என்று நாம் பழிக்கும் வெப்ப ஆட்டமே, சரியான இடம் கிடைக்கும்வரை ஒவ்வொரு துண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறது.

இயற்கையில் இதற்குச் சிறந்த சான்று புகையிலைத் தேமல் வைரஸ். 300 நானோமீட்டர் நீளமுள்ள இக்குச்சி, ஓர் ஆர்.என்.ஏ. இழையும் அதைச் சுற்றித் திருகுபடி போல் அடுக்கப்பட்ட 2,130 ஒரே மாதிரியான புரதங்களும் சேர்ந்தது. 1955-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஃபிரெங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்னும் இருவர், இவ்வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் தனித்தனியே பிரித்தெடுத்துப் பின்னர் ஒரே குழாயில் கலந்தனர். துண்டுகள் தாமே கூடி மீண்டும் வைரஸ் குச்சிகளாயின. அவை புகையிலை இலையில் நோயையும் உண்டாக்கின!

அப்படியானால் இரண்டாம் விதி பொய்யா? அன்று. விதி பேசுவது மொத்த என்ட்ரோப்பியைப் பற்றி. துண்டுகள் கூடும்போது ஆற்றல் வெப்பமாக வெளியேறிச் சுற்றுப்புறத்தின் ஒழுங்கின்மையைக் கூட்டுகிறது. அன்றியும், துண்டுகளின் எண்ணெய் விரும்பும் பகுதிகளைச் சுற்றிக் கட்டுப்பட்டு நின்ற நீர் மூலக்கூறுகள், அப்பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டதும் விடுதலை பெற்று மனம்போல் அலைகின்றன. சோப்புக் கரைசலில் சோப்பு மூலக்கூறுகள் உருண்டை உருண்டையாகக் கூடுவதும் பெரிதும் இதனால்தான். ஓரிடத்தில் சிறிது ஒழுங்கு பிறக்கிறது. அதற்கான விலையை அண்டையிலுள்ள நீர் செலுத்திவிடுகிறது. கணக்கு நேராகிறது.

மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையின் முதற்பாதி இது.

களைக்கொல்லியிலிருந்து சங்கிலி

மீண்டும் ஸ்டாடர்டிடம் வருவோம். 1970-இல் அவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1978 முதல் மூன்றாண்டுகள் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் ரங்கார்ன் ஆய்வகத்தில் பணியாற்றினார். அக்கம்பெனி தயாரித்துவந்த களைக்கொல்லிகள் டைகுவாட், பாராகுவாட் என்பன. பாராகுவாட் நம் நாட்டு உழவர்களும் அறிந்த பெயர்தான். உடலுக்குள் சென்றால் முறிமருந்தில்லாத கொடிய நஞ்சு அது.

ஆனால் ஒரு வேதியியலறிஞரின் கண்ணுக்கு அதில் வேறொன்று தெரிந்தது. பாராகுவாட், இரு நேர்மின் சுமைகளைத் தாங்கிய தட்டையான மூலக்கூறு; எலெக்ட்ரான் வறுமை உடையது. பென்சீன் வளையத்தின் இரு எதிர்முனைகளிலும் ஆக்சிஜனைக் கொண்ட ஹைட்ரோகுவினோன் பகுதியோ எலெக்ட்ரான் செல்வம் உடையது. இரண்டும் தட்டை. எனவே வறியவனும் செல்வனும் முகத்தோடு முகம் வைத்து, 0.35 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்காகப் படிந்துகொள்கின்றன. பெரிய மகுட ஈதர் வளையத்துக்குள் டைகுவாட் அமர்வதை முதலில் கண்டனர். பாராகுவாட்டும் தனக்கேற்ற வளையத்தில் அமர்ந்தது. அடுத்து ஸ்டாடர்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பாராகுவாட்டையே வளையமாக்கினால் என்ன? 1988-இல் இரண்டு பாராகுவாட் பகுதிகளைக் கொண்ட ஒரு செவ்வகச் சட்டத்தை அவர் குழு தயாரித்தது. படங்களில் அதை எப்போதும் நீல நிறத்தில் வரைந்ததால் 'நீலப் பெட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எலெக்ட்ரான் வறுமைக்கு நீலம், செல்வத்துக்குச் சிவப்பு. சிறுவயதுப் புதிர்ப்படத்தின் நிறங்கள்!

இனி இரு வளையங்களைச் சங்கிலிக் கண்ணிகள் போலக் கோக்கும் வேலை. இத்தகைய மூலக்கூறுக்குச் 'சங்கிலி' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'கேட்டினேன்' என்று பெயர். இரு கண்ணிகளுக்கும் இடையே வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றை உடைக்காமல் மற்றொன்றைப் பிரிக்க இயலாது. 1960-இல் அமெரிக்காவின் வாசர்மன் இதை முதன்முதலில் செய்தபோது, ஒரு வளையத்துக்குள் நீண்ட இழை ஒன்று தற்செயலாக நுழைந்து மூடிக்கொள்ளட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கு ஒன்று கூடத் தேறவில்லை. 1983-இல் ஃபிரான்சின் ழான்-பியர் சவாழ், செம்பு அயனியை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி வளையத்தையும் இழையையும் இருத்தி, பின்னர் இழையின் முனைகளை மூடினார். விளைச்சல் 42 விழுக்காடாக உயர்ந்தது.

ஸ்டாடர்ட் 1989-இல் செய்தது என்ன? சிவப்பு வளையம் இருக்கும் குடுவையிலேயே நீலப் பெட்டியின் துண்டுகளைச் சேர்த்தார். முதற் பிணைப்பு ஏற்பட்டவுடன் உருவான பாராகுவாட் பகுதி, தன் இயல்பின்படி சிவப்பு வளையத்துக்குள் நுழைந்துகொண்டது. இரண்டாம் பிணைப்பு பெட்டியை மூடியது. சங்கிலி தயார்! விளைச்சல் 70 விழுக்காடு. தற்செயலை நம்பியிருந்த வேலையைத் தன்னமைவு ஏற்றுக்கொண்டது. இதில் ஒன்றை மறக்கலாகாது. இறுதியாகப் பூட்டியது கரிமத் தொகுப்பின் வலிய சகப்பிணைப்பு. பூட்டுவதற்கு முன் துண்டுகளை இடத்தில் நிறுத்தியது மெல்லிய பிடி. முகூர்த்தக் கால் நட்ட பின்தான் பந்தல் எழும்புவது போல இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தன.

அச்சும் கடையாணியும்

அடுத்தது 1991. வளையத்துக்குள் ஒரு நீண்ட அச்சைச் செருகி, வளையம் கழன்று விழாதபடி அச்சின் இரு முனைகளிலும் பருத்த அணுத்தொகுதிகளைப் பூட்டினார்கள். மாட்டுவண்டிச் சக்கரம் அச்சைவிட்டுக் கழலாமல் கடையாணி காப்பது போல! சக்கரம், அச்சு என்னும் இரு சொற்களைச் சேர்த்து இதற்கு 'ரோட்டாக்சேன்' என்று பெயர். அச்சில் இரண்டு சிவப்பு நிலையங்கள். நீல வளையம் வெப்ப ஆட்டத்தால் உந்தப்பட்டு, தறியின் நாடாவைப் போல ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு நொடிக்குப் பல நூறு முறை ஓடித் திரும்பியது.

ஆனால் இந்த ஓட்டத்தில் பயனில்லை. அது கட்டளைக்கு அடங்காத ஓட்டம். எனவே 1994-இல் இரு நிலையங்களையும் வெவ்வேறாக அமைத்தனர். ஒரு நிலையத்துக்கு அமிலத்தாலோ மின்சாரத்தாலோ நேர்மின் சுமை ஏற்றினால், நேர்மின் சுமையுள்ள வளையம் விலக்கப்பட்டு அடுத்த நிலையத்துக்குச் செல்லும். சுமையை நீக்கினால் திரும்பி வரும். மூலக்கூறு ஒரு விசைமாற்றி ஆயிற்று.

பின்னர் வந்தவை ஒன்றா இரண்டா? 1994-இல் ஐந்து வளையங்கள் கோத்த மூலக்கூறு. 2004-இல் இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, அமிலமும் காரமும் மாறி மாறிச் சேர்த்தால் 0.7 நானோமீட்டர் ஏறி இறங்கும் மூலக்கூறு 'லிப்ட்'. அதே ஆண்டில், எந்த ஒரு வளையத்தை அறுத்தாலும் மற்ற இரண்டும் பிரிந்துவிடும் போரோமியன் மூவளையம். 18 துண்டுகள் ஒரே கலவையில் தாமே கூடி அமைந்தது அது.

2007-இல், அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹீத் என்பாருடன் சேர்ந்து, ரோட்டாக்சேன்களை நினைவிடங்களாகக் கொண்ட மின்சுற்று ஒன்றை வெளியிட்டார். ஓர் இரத்த வெள்ளையணு அளவு இடத்தில் 1,60,000 நினைவிடங்கள். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை பழுதுபட்டிருந்தன. நன்கு இயங்கியவையும் சில முறை மாற்றியபின் ஓய்ந்துவிட்டன. கடைக்கு வரும் சரக்காக அது ஆகவில்லை. வெற்றிகளை மட்டும் அடுக்கினால் அறிவியலின் வரலாறு பாதிதான் சொல்லப்பட்டதாகும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்.

'இவையெல்லாம் விளையாட்டுப் பொருள்கள்தாமா? பயன் எங்கே?' என்று கேட்பீர்கள். பயன் சில சமயம் பக்கவாட்டிலிருந்து வரும். 2013-இல், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டாடர்ட் குழுவைச் சேர்ந்த ஓர் இளம் ஆய்வாளர், மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்டிரின் என்னும் வளையச் சர்க்கரையையும் ஒரு தங்க உப்பையும் கரைசலில் கலந்தார். கனசதுர வடிவில் ஓர் அமைப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ சில நிமிடங்களில் படிந்த ஊசிப் படிகங்கள். ஆராய்ந்தபோது, சர்க்கரை வளையங்களும் தங்க அயனிகளும் பொட்டாசியமும் தாமே வரிசையாக அடுக்கிக்கொண்டன என்பது தெரிந்தது. பிளாட்டினம், பல்லேடியம் உப்புகள் அவ்வாறு படியவில்லை. தங்கத்தைப் பிரித்தெடுக்கச் சயனைடு என்னும் நஞ்சைப் பயன்படுத்துவதற்கு மாற்றாக, மாவுச்சத்துச் சர்க்கரையைக் கொண்டு ஒரு வழி திறந்தது. பெடர்சனின் வெண்படிகமும் இந்த ஊசிகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: எதிர்பாராதது குடுவையில் தோன்றும்போது அதைக் கொட்டிவிடாதே.

விடையின் மறுபாதி

இனி அந்த மாணவியின் கேள்விக்கு மீண்டும் வருவோம். வைரஸ் குச்சி தானே கூடும், சரி. ஆனால் குஞ்சு அவ்வாறு கூடுவதன்று. தன்னமைவு என்பது பள்ளத்தை நோக்கி உருளும் கல்லைப் போன்றது. கட்டிலா ஆற்றல் குறைவான நிலையை அடைந்ததும் எல்லாம் அடங்கிவிடும். உயிர் அப்படி அடங்குவதில்லை. நம் செல்கள் ஒவ்வொரு நொடியும் அயனிகளைக் குறைவான இடத்திலிருந்து நிறைவான இடத்துக்கு, அதாவது மேட்டை நோக்கி, இறைத்துக்கொண்டேயிருக்கின்றன.

2015-இல் ஸ்டாடர்ட் குழு வெளியிட்ட செயற்கை மூலக்கூறு இறைப்பான் இந்த மேட்டை நோக்கிய முதற்படிகளுள் ஒன்று. நேர்மின் சுமையுள்ள நீல வளையங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஒரே கம்பியில் இரண்டு நெருங்கி இருக்க விரும்பா. கரைசலுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்தால் வளையமும் கம்பியின் தலைப்பகுதியும் ஒன்றையொன்று கவர, வளையம் தலையில் ஏறிக்கொள்ளும். எலெக்ட்ரான்களை எடுத்துவிட்டால் கவர்ச்சி மாறி விலக்கம் வரும். வந்த வழியே திரும்ப முடியாதபடி அங்கே நேர்மின் தடை நிற்கிறது. எனவே வளையம் முன்னேயுள்ள மேட்டைத் தாண்டிச் சேமிப்புப் பகுதியில் விழுந்து சிக்கிக்கொள்கிறது. மறுபடி கொடுத்து எடுத்தால் இரண்டாம் வளையமும் வந்து சேரும். ஏற்ற இறைப்பில் முன்னும் பின்னும் நடந்த மாடுகளைப் போல, கொடுப்பதும் எடுப்பதுமாகிய ஒவ்வொரு சுற்றும் ஒரு சால் நீரை மேலே கொண்டுவருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியிலிருந்து ஆற்றல் செலவாகிறது.

முட்டைக்குள் நடப்பதும் இதுவே. ஆனால் அளவிட முடியாத அளவுக்குச் சிக்கலானது. ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆக்சிஜன் உள்ளே வருகிறது. மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு மெல்ல எரிகிறது. கரியமிலவாயுவும் நீராவியும் வெப்பமும் வெளியேறுகின்றன. அடைகாக்கும் நாட்களில் முட்டை எடை குறைவதை நீங்களே தராசில் வைத்துப் பார்க்கலாம். உள்ளே ஒழுங்கு வளர்கிறது. அதைவிடப் பெரிய ஒழுங்கின்மை ஓட்டுக்கு வெளியே கொட்டப்படுகிறது. மெல்லிய பிடிகளால் தாமே கூடுவது ஒரு பாதி. எரிபொருளைச் செலவிட்டு மேட்டில் ஏற்றுவது மறுபாதி. இரண்டாம் விதி எங்கும் மீறப்படவில்லை.

ஸ்டாடர்டும் சவாழும், ஒளியால் ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு மோட்டாரை 1999-இல் செய்த நெதர்லாந்தின் பென் ஃபெரிங்காவும் 2016-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஷெஃபீல்டு, பர்மிங்காம், லாஸ் ஏஞ்சல்ஸ், நார்த்வெஸ்டர்ன் எனப் பல பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய ஸ்டாடர்ட், எண்பது வயதைக் கடந்தபின் 2023-இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலமானார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அவர் பெயரில் உள்ளன.

மாணவ நண்பர்களே! உங்கள் ஆசிரியர் ஒருநாள் உங்கள் கேள்விக்கு “அது நம் பாடத்தில் இல்லை” என்று சொல்லக்கூடும். சொன்னால் அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்; அவருக்கும் அப்போது விடை தெரியாமல் இருக்கலாம். ஆனால் கேள்வியைக் கைவிட்டுவிடாதீர்கள். மறுவாரம் மீண்டும் கேளுங்கள். அந்த மாணவி இவ்விதழைப் படிப்பாளா என்று எனக்குத் தெரியாது. படித்தால், அவள் கேட்டது மிக நல்ல கேள்வி என்பதை அறிந்துகொள்ளட்டும். இரண்டாம் விதியை நடத்தும் நாட்களில் இப்போதெல்லாம் ஒரு தட்டும் ஒரு பிடி பொரியும் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். சீட்டுக்கட்டை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.